கொரொங்கோசா: கணக்கு இடிக்கும் காடு

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலை காட்ட முடியலை மக்களே. ஆபீஸ்ல ஆணி அதிகம். அதுவும் சாதாரண ஆணி இல்லை, கடப்பாரை சைஸ். ஒரு புண்ணியவான் ராத்திரி பதினோரு மணிக்கு நேரா ப்ரொடக்‌ஷன் டேட்டாபேஸ்ல கை வச்சுட்டார். பேக்கப்பைத் தேடினா அதுவும் பாதி செல்லரிச்சுக் கிடக்கு. நாலு பேர் விடிய விடிய உட்கார்ந்து, பழைய லாக், அங்க இங்க கிடந்த நகல் எல்லாத்தையும் ஒட்டுப்போட்டு மறுபடி ஏத்தினோம். காலைல எண்ணிப் பார்த்தா மொத்த எண்ணிக்கை கிட்டத்தட்ட பழையபடி. டேமேஜர் முகத்துல சிரிப்பு. மத்தியானத்துக்கு மேலதான் தெரிஞ்சது, ஒரே ஆசாமி பதினைஞ்சு தடவை உள்ள இருக்கார், இருக்க வேண்டிய பதினாலு பேரைக் காணோம்.

அந்த ராத்திரி ஸ்கிரிப்ட் ஓடி முடியறதுக்காகக் கொட்டாவி விட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்த நேரத்துல படிக்க ஆரம்பிச்சதுதான் கொரொங்கோசா கதை. ஆப்பிரிக்காவில் மொசாம்பிக் நாட்டின் நடுப்பகுதியில் இருக்கிற ஒரு தேசியப் பூங்கா. நான் அங்கே போனதில்லை. போகிற அளவுக்கு லீவும் கிடையாது, டிக்கெட் விலையைப் பார்த்தால் ஆசையும் கிடையாது. எல்லாம் படித்தறிந்ததுதான். ஆனால் எங்க டேட்டாபேஸுக்கு நடந்த அதே விஷயம் ஒரு காட்டுக்கு நடந்திருக்கிறது என்று தெரிந்ததும் விட முடியவில்லை.

முதல்ல இடத்தைச் சொல்லிடறேன். ஆப்பிரிக்காவைக் கிழக்கே மேலிருந்து கீழாகக் கிழித்துக்கொண்டு வருகிற பெரும் பிளவுப் பள்ளத்தாக்கு இருக்கிறதே, அதன் தென்கோடி இது. நடுவில் உரேமா என்றொரு ஏரி. மழைக்காலத்தில் ஏரி கரை தாண்டி சமவெளி முழுக்கப் பரவும். வெயில் காலத்தில் வற்றிச் சுருங்கும். தண்ணீர் வடிந்த இடத்தில் பச்சைப் பசேல் என்று புல். சுற்றிலும் புல்வெளியும் மரங்களும் கலந்த சவானா, அதைத் தாண்டி மியோம்போ காடு, மேற்கே 1,863 மீட்டர் உயரத்தில் கொரொங்கோசா மலை, அதன் தலையில் மழைக்காடு. ஒரே ஊரில் இத்தனை வகை நிலம். அதனால்தான் அத்தனை வகை உயிர்.

இந்தக் காடு 'பாதுகாக்கப்பட்ட' கதை கொஞ்சம் அசிங்கமானது. நம்ம கோவாவை ஆண்ட அதே போர்ச்சுகீசியர்கள்தான் மொசாம்பிக்கையும் ஆண்டார்கள். 1752 வரை மொசாம்பிக்கின் நிர்வாகமே கோவாவிலிருந்துதான் நடந்தது. பிற்பாடு நாட்டின் நடுப்பகுதியை மொசாம்பிக் கம்பெனி என்ற தனியார் கம்பெனிக்கு உரிமம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வரி வசூல், கட்டாய வேலை எல்லாம் அந்தக் கம்பெனி கையில். நம்மூர் கிழக்கிந்தியக் கம்பெனியை நினைத்துக்கொள்ளுங்கள், போதும். 1920-ல் அந்தக் கம்பெனி ஆயிரம் சதுர கிலோமீட்டரை ஒதுக்கி வைத்தது. எதற்கு? தன் அதிகாரிகளும் விருந்தினர்களும் வேட்டையாட! கம்பெனி விருந்தாளி சுட்டால் பொழுதுபோக்கு, காலங்காலமாக அங்கேயே வாழ்ந்தவன் ஒரு மானை அடித்தால் திருட்டு. ஊருக்கும் காட்டுக்கும் நடுவில் அன்று விழுந்த கோடு பின்னாளில் என்னென்ன செய்தது என்று பிறகு பார்க்கலாம்.

1940-ல் சமவெளியில் ஒரு முகாம் கட்டினார்கள். ரெண்டே வருஷம். வெள்ளம் வந்து வந்து போனதில் மனிதர்கள் கைவிட்டு ஓட, சிங்கங்கள் குடியேறிவிட்டன. மாடியில் ஏறி நின்று சமவெளியை நோட்டம் விடுமாம். 'சிங்க வீடு' என்றே அதற்குப் பெயர். (வாடகை கேட்கப் போனவர் யாரும் இல்லை போலிருக்கு :-)) அப்புறம் மேட்டுப் பகுதியில் சிட்டெங்கோ என்ற இடத்தில் புது முகாம் வந்தது. 1960-ல் கொரொங்கோசா தேசியப் பூங்கா ஆனது.

அறுபதுகளின் கடைசியில் கென் டின்லி என்ற சூழலியலாளர் வந்து சேர்ந்தார். அவருடைய குழு விமானத்தில் பறந்து பறந்து எண்ணியது. சுமார் 14,000 ஆப்பிரிக்க எருமைகள். 2,000-க்கு மேல் யானைகள். 3,000-க்கு மேல் நீர்யானைகள். 5,500 வில்டபீஸ்ட், 3,000 வரிக்குதிரை. சிங்கம் மட்டும் 200 வாக்கில். இந்தப் பட்டியலில் ஓரமாக ஒரு பெயர்: வாட்டர்பக், 3,500. நீர்நிலையை ஒட்டி வாழும் ஒருவகை மான் போன்ற விலங்கு. பின்புறத்தில் பளிச்சென்று ஒரு வெள்ளை வளையம் இருக்கும், புதுசா பெயின்ட் அடிச்ச டாய்லெட் சீட்ல தெரியாம உட்கார்ந்து எழுந்த மாதிரி. இந்த ஆசாமியைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்குங்க.

டின்லி இன்னொன்றும் சொன்னார். பூங்காவின் எல்லைக் கோடு தப்பு, மலையில் பெய்கிற மழைதான் ஆறாக இறங்கி ஏரியை நிரப்புகிறது, மலையைச் சேர்க்காமல் சமவெளியைக் காப்பாற்ற முடியாது என்றார். 1977-ல் பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தில் சமர்ப்பித்த ஆய்வேட்டில் விரிவாகவே எழுதி வைத்தார். 700 மீட்டருக்கு மேலுள்ள மலைப்பகுதி பூங்காவோடு சேர்ந்தது 2010-ல். 33 வருஷம். நம்மூர்க் கோப்பு எவ்வளவோ தேவலாம்.

நடுவில் 33 வருஷம் என்ன பண்ணினார்கள் என்றால், போர்.

1975-ல் மொசாம்பிக் சுதந்திரம் அடைந்தது. ரெண்டே வருஷத்தில் உள்நாட்டுப் போர். ஒரு பக்கம் ஆட்சியிலிருந்த ஃப்ரெலிமோ. இன்னொரு பக்கம் ரெனாமோ, அதற்கு முதலில் வெள்ளையர் ஆண்ட ரொடீசியாவும் பிறகு நிறவெறித் தென்னாப்பிரிக்காவும் ஆதரவு. அரசியலுக்குள் இப்போது போக வேண்டாம், அது தனிப் பதிவு. ரெனாமோவின் தலைமைத் தளங்களில் ஒன்றான காசா பனானா இந்தக் கொரொங்கோசா பக்கத்தில்தான் இருந்தது. 1981 டிசம்பரில் சிட்டெங்கோ முகாம் தாக்கப்பட்டது. 1983-ல் பூங்காவையே மூடிவிட்டார்கள். பிறகு இரண்டு தரப்பும் மாறி மாறி வந்த போர்க்களம். வீரர்களுக்குச் சாப்பாடு வேண்டும், எருமை இருக்கிறது. ஆயுதத்துக்குக் காசு வேண்டும், யானைத் தந்தம் இருக்கிறது. 1992 அக்டோபர் 4-ம் தேதி ரோம் நகரில் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தானது. மனிதர்களுக்குத்தான் அமைதி. போர் முடிந்த கையோடு காட்டில் வேட்டை இன்னும் மும்முரமானது. ஊரெல்லாம் துப்பாக்கி, வயிறெல்லாம் பசி, காட்டு மாமிசத்துக்கு நகரத்தில் சந்தை.

இதைப் படிக்கும்போது முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. அப்புறம் யோசித்தேன். 1920-ல் 'இது உன்னுது இல்லை' என்று சொல்லி வெளியே நிறுத்தப்பட்டவன், பதினாறு வருஷப் போரில் வீடும் நிலமும் போனவன், எதற்காக அந்தக் காட்டைக் காப்பாற்ற வேண்டும்? நானாக இருந்தாலும் கண்ணி வைத்திருப்பேன்.

பெரிய விலங்குகள் 90 சதவீதத்துக்கு மேல் அழிந்தன. ஆயிரக்கணக்கில் இருந்த எருமை, வரிக்குதிரை, வில்டபீஸ்ட் எல்லாம் விரல் விட்டு எண்ணுகிற நிலைமை. 1972-ல் 2,542 என்று கணக்கிடப்பட்ட யானைகள் 2000-ம் ஆண்டில் 242. சிங்கம் சில. சிறுத்தை, கழுதைப்புலி, காட்டுநாய் மூன்றும் சுத்தம்.

இனி மீட்புக் காண்டம். 2004-ல் கிரெக் கார் என்ற அமெரிக்கர் வந்தார். வாய்ஸ்மெயில் தொழில்நுட்பத்தில் சம்பாதித்தவர், அதாவது நம்ம துறை ஆசாமி. (நாம சம்பாதிச்சா ஹோம் லோன் அடைப்போம். ஹும்.) 2008-ல் மொசாம்பிக் அரசோடு சேர்ந்து 20 வருஷத்துக்குப் பூங்காவை நிர்வகிக்க ஒப்பந்தம் ஆனது. தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் பூங்காவிலிருந்து எருமைகளும் வில்டபீஸ்ட்டுகளும் லாரி ஏறி வந்தன. போரில் எதிரெதிராக நின்ற இரண்டு பக்கத்து ஆட்களும் ஒரே சீருடையில் வனக்காவலர் ஆனார்கள். சுற்றியுள்ள ஊர்களில் பள்ளிக்கூடம், மருத்துவம், மலைச்சரிவில் காபி என்று வேலை நடந்தது. 1920-ல் போட்ட கோட்டைக் கொஞ்சமாவது அழிக்கப் பார்த்தார்கள் என்ற வகையில், எனக்கு இந்த மீட்பில் விலங்கு ஏற்றி வந்த லாரிகளைவிட இதுதான் பெரிசாகத் தெரிகிறது.

விலங்குகள் பெருகின. 2018-ல் ஆய்வாளர்கள் மறுபடி ஆகாயத்திலிருந்து எண்ணினார்கள். 1968 முதல் 2018 வரை நடந்த பதினைந்து கணக்கெடுப்புகளை ஒன்றாக வைத்து அடுத்த வருடம் கட்டுரை வெளியிட்டார்கள். பெரிய தாவர உண்ணிகள் அத்தனையையும் ஒரு தராசில் ஏற்றினால் வரும் மொத்த எடை பெருமளவு மீண்டுவிட்டிருந்தது. கைதட்டலாம். டேமேஜர் சிரிக்கலாம்.

உள்ளே திறந்து பார்த்தால் வாட்டர்பக்! வாட்டர்பக்! மேலும் வாட்டர்பக்!

3,500 இருந்தது 55,000-க்கு மேல் ஆகிவிட்டது. மொத்த எடையில் 74 சதவீதத்துக்கு மேல் இந்த டாய்லெட் சீட்டுதான். போருக்கு முன் யானை, நீர்யானை, எருமை மூன்றும் சேர்ந்து 89 சதவீதம். இப்போது 23. அந்த வரியைப் படிச்சப்போ எனக்கு எங்க டேட்டாபேஸ் ஞாபகம் வந்து புரை ஏறிடுச்சு.

ஏன் இப்படி? பாதி விடை சாதாரண கூட்டுவட்டிக் கணக்கு. யானைக்குக் கர்ப்பம் 22 மாதம், அடுத்த குட்டிக்கு நாலைந்து வருஷ இடைவெளி. வாட்டர்பக்குக்கு ஒன்பது மாதம்தான், கிட்டத்தட்ட வருஷத்துக்கு ஒரு குட்டி. ரெண்டும் ஒரே நாளில் ஓட ஆரம்பித்தால் யார் முந்துவார்கள் என்று சொல்லத் தேவையில்லை. மீதி பாதி, காலி மைதானம். அதே புல்லை மேய்ந்துகொண்டிருந்த நீர்யானையும் எருமையும் இல்லை. அடித்துத் தின்ன ஆள் இல்லை. கடைசியில் கூட்டம் தாங்காமல், சமவெளியை விட்டு அவ்வளவாக வசதிப்படாத சவானா மரக்காட்டுப் பக்கம் நகர ஆரம்பித்திருக்கின்றன என்று இன்னோர் ஆய்வு சொல்கிறது.

புஷ்பக் என்று இன்னொரு மான் இனம். கூச்ச சுபாவம், புதர் மறைவிலேயே வாழும். கொரொங்கோசாவில் பார்த்தால் பட்டப்பகலில் திறந்த வெளியில் ஹாயாக மேய்கிறது! சிறுத்தையும் காட்டுநாயும் இல்லாத ஊரில் ஒளிந்து வாழ வேண்டிய அவசியம் என்ன? ஆய்வாளர்கள் ஒரு குறும்பு செய்தார்கள். ஸ்பீக்கரில் சிறுத்தை உறுமலைப் போட்டு, ஊனுண்ணி நடமாடுகிற மாதிரி வாசனையும் வைத்தார்கள். அவ்வளவுதான், புஷ்பக் எல்லாம் மறுபடி புதர் பக்கம். பயம் உள்ளே இருக்கிறது, கூப்பிடத்தான் ஆள் இல்லை. ஊனுண்ணி இல்லாமல் போனால் ஒரு இனம் மட்டும் குறைவதில்லை, மற்ற இனங்கள் எங்கே நிற்கும், எதைத் தின்னும், எந்தச் செடி பிழைக்கும் என்பது வரைக்கும் மாறிவிடுகிறது. 2018-ல் தென்னாப்பிரிக்காவிலிருந்து 14 காட்டுநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அதே வருஷம் ஒரு சிறுத்தை தானாகவே வந்து தலை காட்டியது. 2022-ல் கழுதைப்புலிகளும் திரும்பக் கொண்டுவரப்பட்டன.

அதுக்காக வாட்டர்பக்கை வில்லனாக்கிவிட முடியாது. இங்கேதான் என் டேட்டாபேஸ் உவமை பல் இளிக்கிறது. போருக்குப் பிறகு சமவெளியை ஒரு முள்செடி பிடிக்க ஆரம்பித்தது. நம்ம தொட்டாச்சிணுங்கிக்கு ஆளுயரத்தில் ஒரு அண்ணன் இருந்தால் எப்படி இருக்கும், அது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. நம்ம ஊர்ச் சீமைக் கருவேலத்துக்கு ஊர்க்காரன், குணமும் கிட்டத்தட்ட அதே. மேய ஆளில்லாத இடத்தில் அது பரவிய வேகத்துக்கு ஏரிக்கரையே முள்காடாகியிருக்க வேண்டும். ஆனால் மான் கூட்டம் பெருகப் பெருகச் செடி குறைந்தது. சாணத்தைச் சேகரித்து அதிலிருக்கிற டிஎன்ஏவைப் படித்துப் பார்த்தால், வாட்டர்பக் உள்ளிட்டவை இந்த முள்செடியைத் தின்றுகொண்டிருக்கின்றன. யாரும் ஜேசிபி கொண்டுவரவில்லை. தப்பான ஆளே ஆனாலும் காலி நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்சம் வேலை பார்த்திருக்கிறார்! எங்க பதினைஞ்சு நகல் ஆசாமி அப்படி ஒண்ணும் செய்யலை.

இனி யானை. இந்தப் பதிவையே எழுத வைத்தது இதுதான்.

நம்ம ஊர் யானையில் ஆணுக்குத்தான் தந்தம். தந்தமில்லாத ஆணை மக்னா என்போம், கோவை, பொள்ளாச்சிப் பக்கத்து நண்பர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆப்பிரிக்க யானையில் ஆண், பெண் இரண்டுக்கும் தந்தம் உண்டு. பெண்ணில் மட்டும் எப்போதாவது தந்தமில்லாமல் பிறப்பதுண்டு. கொரொங்கோசாவில் போருக்கு முன் பெண் யானைகளில் 18.5 சதவீதம் தந்தமில்லாதவை. போருக்குப் பின் 50.9 சதவீதம். துப்பாக்கிக்காரன் தேடியது தந்தத்தை. தந்தமில்லாதவளைச் சுட்டு அவனுக்கு என்ன லாபம்? 1972-க்கும் 2000-க்கும் இடைப்பட்ட 28 வருஷத்தில் தந்தமில்லாத பெண் யானை பிழைத்திருக்கும் வாய்ப்பு மற்றதைப் போல ஐந்து மடங்கு என்று 2021-ல் வந்த ஆய்வு கணக்கிட்டது.

சரி, பிழைத்தவை பிழைத்துவிட்டன, நல்லதுதானே என்று தோன்றும். விஷயம் அங்கே முடியவில்லை. தந்தமின்மைக்குக் காரணமான மரபணு மாற்றம் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு, ஒன்று பழுதானாலும் இன்னொன்று தாங்கிக்கொள்ளும். தந்தம் இருக்காது, அவ்வளவுதான். ஆணுக்கு இருப்பதே ஒரு எக்ஸ். அது பழுதென்றால் கரு பிறப்பதே இல்லை. ஆகவே தந்தமில்லாத தாய்க்கு உருவாகும் ஆண் கருவில் பாதி வயிற்றிலேயே போய்விடும். பிறக்கிற குட்டிகளில் மூன்றில் இரண்டு பங்கு பெண்ணாகவே இருக்கும், அந்தப் பெண்களில் பாதி மறுபடி தந்தமில்லாமல். போர் முடிந்து தலைமுறை கடந்தும், அந்தப் போரில் யாரைச் சுட்டார்கள் யாரை விட்டார்கள் என்பது ஒவ்வொரு பிரசவத்திலும் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருக்கிறது. தந்தம் என்ன அலங்காரமா? மரப்பட்டை உரிக்க, கிழங்கு தோண்ட, வறண்ட ஆற்றில் ஊற்றுக்கண் பறிக்க எல்லாம் அதுதான் கருவி. கருவி இல்லாதவள் வேறு எதையாவது மேய்வாள், காடும் அதற்கேற்ப மாறும்.

பேக்கப் இருந்திருந்தாலும் இதைத் திருப்ப முடியாது. க்ரூகரிலிருந்து எருமையை லாரியில் கொண்டுவரலாம். பிறக்காமல் போன ஆண் யானையை எந்த ஊரிலிருந்து கொண்டுவருவது?

மனிதர்கள் பக்கமும் கணக்கு லேசில் முடியவில்லை. 2013-ல் மறுபடி சண்டை மூண்டு, ரெனாமோ தலைவர் அதே கொரொங்கோசா மலையில் போய் ஒளிந்தார். 2019 மார்ச்சில் இடாய் புயல் பெய்ரா துறைமுகத்தைச் சிதைத்தபோது இந்தச் சமவெளி பெரிய குளம் போல வெள்ளத்தை வாங்கிக்கொண்டது. பூங்கா ஆட்களே ஹெலிகாப்டரிலும் படகிலும் ஊர்களுக்கு உணவு கொண்டுபோனார்கள். அதே வருஷம் ஆகஸ்ட் 1-ம் தேதி அரசும் ரெனாமோவும் சண்டை நிறுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. இடம் எது தெரியுமா? கொரொங்கோசா பூங்காவுக்குள்ளேயே. 1981-ல் யார் யாரைத் துரத்தினார்களோ அந்தக் காட்டில் மேசை போட்டு.

யானைகளிடம் மட்டும் யாரும் கையெழுத்து வாங்கவில்லை. யானைக் கூட்டத்தை நடத்துவது மூத்த பெண். அறுபது வயசு வரைக்கும்கூட வாழக்கூடிய ஜீவன். போரின்போது குட்டியாக இருந்தவை இப்போது நாற்பது வயதைத் தாண்டி, கூட்டத் தலைவிகளாக இருக்கின்றன. வண்டியில் உட்கார்ந்து தன் அம்மாவைச் சுட்டவர்களை அவை மறக்கவில்லை. ஜீப் சத்தம் கேட்டால் குட்டிகளை நடுவில் தள்ளி வளையம் கட்டும், இல்லையென்றால் காதை விரித்துக்கொண்டு பாய்ந்து வரும். பல வருஷம் இவற்றைப் பக்கத்திலிருந்து கவனித்த யானை ஆய்வாளர் ஜாய்ஸ் பூல், போருக்குப் பின் பிறந்தவையும் இந்தப் பழக்கத்தைப் பெரியவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்கின்றன என்கிறார். துப்பாக்கிச் சத்தமே கேட்டிராத குட்டி, தாயைப் பார்த்துக் காதை விரிக்கிறது. ஆய்வாளர்கள் எஞ்சினை நிறுத்திவிட்டு, அசையாமல், கூட்டம் தானாக நகரும் வரை உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த வண்டி சுடாது என்று ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனித்தனியாகப் புரியவைக்க வேண்டியிருக்கிறது.